கூட ஒரு சொல்

முன்பள்ளி ரீச்சரிடம் ஒரு சொல்லைச் சொன்னால் அது தனியாகத் திரும்பி வராது. இன்னொரு சொல்லையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

"வெயில், ரீச்சர்" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சும்மா பேச்சுக்குச் சொல்வேன். "ஓம் அண்ணை, மண்டையைப் பிளக்கிற வெயில்" என்பார். "மழை வரும்போலை" என்றால், "ஓம், குளத்துப் பக்கத்தாலை மழை இருட்டிக்கொண்டு வருது" என்பார். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் முன்பள்ளிப் படலையடியில் நின்று "மீன்! மீன்!" என்று கூவுவார். உள்ளேயிருந்து ரீச்சரின் குரல் வரும்: "ஓம், களப்பு மீன்!"

"என்ன ரீச்சர், என்னையும் நேசறியிலை சேர்த்திட்டியளோ?" என்று மீன்காரர் ஒருநாள் கேட்டார்.

"ஓம் தம்பி, கடைசி வாங்கிலை சேர்த்திருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போனார். ரீச்சர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காக அவர் அதைச் செய்வதில்லை. காதில் விழுகிற சொல் எதையும் மறுசொல் இல்லாமல் விட அவரால் முடியாது. அது ஒரு தும்மலைப்போல.

வட்டக்கச்சியில் எங்கள் காணிக்கு அடுத்த காணியில்தான் அந்த முன்பள்ளி இருந்தது. மீள்குடியேறிய காலத்தில் யாரோ கட்டிக் கொடுத்த மண்டபம். இடுப்பளவு சுவர், அதற்கு மேலே கம்பிவலை, தகரக் கூரை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள் வருவார்கள். நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் குளத்து நீர்மட்டம் குறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சம்பவத்தையும் எந்த மாதம், எந்தப் போகம், வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா இல்லையா என்று பார்த்தே ஞாபகம் வைத்துக்கொள்வேன். ஆனால் ரீச்சரைப் பற்றி ஒழுங்கான வரிசையில் என்னால் எழுத முடியாது. எங்கே பிறந்தார், எந்த ஆண்டில் இங்கே வந்தார் என்று கேட்டால் கேட்ட சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத் தந்துவிட்டுப் போய்விடுவார். சில ஆண்டுகள் எங்கள் பக்கம் இருந்தார். பிறகு கணவருடைய காணியைப் பார்க்க நெடுங்கேணிக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த வரலாறு அவ்வளவுதான். பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் "ஓம் அண்ணை, என்ரை பேர்" என்று சொல்வாரே தவிர விரும்பமாட்டார்.

மெலிந்த, உயரமான பெண். நாற்பதுக்கு மேல் இருக்கும். கொஞ்சம் கரகரத்த குரல். சைக்கிளில் வருவார். சைக்கிள் கூடையில் எப்போதும் ஒரு பழைய நூல்சேலை மடித்துக் கிடக்கும்.

அந்தச் சேலைதான் அவருடைய வகுப்பறை. காலையில் பாட்டு முடிந்ததும் சேலையை நீளத்துக்கு விரிப்பார். பிள்ளைகள் இரண்டு கரையிலும் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் அவர் முந்தானையைப் பிடிப்பார். அப்படியே எங்கள் படலையைக் கடந்து வாய்க்கால் கட்டில் ஏறி மதகு வரை போவார்கள். பார்க்கத் தேர்போல இருக்கும். ஒரு பிள்ளை வாய் திறந்து எதையாவது சொன்னால் முழுச் சேலையும் நின்றுவிட வேண்டும் என்பதுதான் சட்டம்.

"ஓணான்!"

சேலை நிற்கும். "ஓம், தலையாட்டுற ஓணான்."

"தலையாட்டுற ஓணான்" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். சேலை நகரும். நாலு அடி போவதற்குள் இன்னொரு பிள்ளை, "தும்பி!"

மதகு அதிக தூரத்தில் இல்லை. ஆனாலும் பல நாட்கள் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததே இல்லை. வாய்க்கால் கட்டிலே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வைக்கோல் ஏற்றி வருகிறவர்கள் பின்னால் நின்று கத்துவார்கள். "ரீச்சர், வழி!"

"ஓம் தம்பி, ஒடுங்கின வழி. கொஞ்சம் பொறுங்கோ, இந்தப் பிள்ளை ஏதோ சொல்லப் பாக்குது."

அவர்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பொறுப்பார்கள். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து மூடி, திறந்து, கடைசியில் "சா... சாணி" என்று சொல்லும். "ஓம், காஞ்ச சாணி" என்பார் ரீச்சர், ஏதோ கொடை வாங்கியவர்போல.

ஒரு நவராத்திரிப் பூசை முடிந்து அவல் கொடுத்துக்கொண்டிருந்தபோது பெற்றோருக்குத் தன் முறையை விளங்கப்படுத்தினார். நானும் வேலிக்காரன் என்ற உரிமையில் கதிரை ஒன்றில் இருந்தேன்.

"பிள்ளை 'மாடு' எண்டு சொன்னா, 'ஓம், மாடு' எண்டு விட்டிடாதேங்கோ. 'ஓம், செவலை மாடு' எண்டு திருப்பிக் குடுங்கோ. நாளைக்குப் பிள்ளை 'செவலை மாடு' எண்டு வரும். அப்ப, 'ஓம், செவலை மாடு அசைபோடுது' எண்டு குடுங்கோ. பிள்ளை சொல்லுறதிலும் பாக்க ஒரு சொல்லுக் கூட. அவ்வளவுதான். கனக்கக் குடுத்தாலும் பிள்ளை விழுங்காது, குடுக்காமல் விட்டாலும் வளராது."

பின்னால் இருந்த ஒரு தகப்பன் கேட்டார்: "அப்ப 'ஐஸ்கிறீம்' எண்டு கேட்டா என்ன செய்யிறது ரீச்சர்?"

"'ஓம், நாளைக்கு ஐஸ்கிறீம்' எண்டு சொல்லுங்கோ."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. இதற்கு நான் வாசித்த புத்தகம் ஒன்றில் நீளமான பெயர் இருக்கிறது என்று பிறகு அவரிடம் சொன்னேன். "ஓம் அண்ணை, நீளமான பேர்" என்றார்.

இந்தப் பழக்கத்தை எங்கே பிடித்தீர்கள் என்று வெவ்வேறு காலங்களில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். காலபோக விதைப்புக் காலத்தில் கேட்டபோது, கிளிநொச்சியில் நடந்த பயிற்சி ஒன்றில் என்றார். அடுத்த ஆண்டு பங்குனியில் கேட்டபோது, தன் மாமியார் பால் கறக்கும்போது மாட்டோடு கதைப்பதைக் கேட்டு என்றார். மூன்றாவது முறை நான் எதிர்பாராத பதில் வந்தது.

"முகாமிலை எங்கட கூடாரத்துக்குப் பக்கத்திலை ஒரு பிள்ளை அண்ணை. விடியத் தொடங்கி 'தண்ணி' எண்டு சொல்லிக்கொண்டிருந்தது. அழேல்லை. சும்மா, 'தண்ணி, தண்ணி' எண்டு. ஆரிட்டையும் தண்ணி இல்லை. அதாலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. தண்ணி இல்லாட்டியும் 'ஓம் மோனை, குளிர்தண்ணி' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

மூன்றில் எது உண்மை என்று நான் தீர்க்கவில்லை. மூன்றையும் எழுதி வைக்கிறேன்.

அவருடைய பழக்கம் எல்லா இடத்திலும் பொருந்தியதில்லை. எங்கள் தெருவில் ஒரு செத்தவீடு. மாரி மழையில் மின்சாரம் தாக்கி இறந்த இளைஞன். தாய் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து "என்ரை பிள்ளை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சுற்றி இருந்தார்கள். அந்த அமைதிக்குள் ரீச்சர் சொன்னார்: "ஓம் அக்கா, உங்கட கடைக்குட்டிப் பிள்ளை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.  செத்தவீட்டிலுமா என்று நினைத்தேன். அந்தத் தாய் ரீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு "என்ரை கடைக்குட்டி" என்று தொடங்கிக் குழறி அழுதார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற அந்த ஆண்டு, ஆனி மாதம், அபிசா முன்பள்ளிக்கு வந்தாள். சிறுபோக நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் இருந்தது. அவளுக்கு நாலு வயது. தாய் சுகந்தி தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருண்ட பிறகு இறக்கிவிடும். தகப்பன் வேறு குடும்பமாகப் போய்விட்டான். வீட்டில் இருந்தது சுகந்தியின் தகப்பனார் மட்டும். கடைசி யுத்தத்தில் பக்கத்தில் விழுந்த செல் ஒன்று அவருடைய ஒரு காதை முழுதாகவும் மற்றக் காதைப் பாதியாகவும் கொண்டுபோயிருந்தது. நல்ல மனிதர். பேத்திக்குச் சோறு தீத்துவார், குளிப்பாட்டுவார், தலை வாரி இழுப்பார். பேச்சுத்தான் இல்லை. பேச்சுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து ஒரு போனை வைத்திருந்தார். அது காலையிலிருந்து கதைத்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருக்கும். அவள் அதற்கு முன்னால் இருப்பாள்.

முதல் நாள் முழுக்க அபிசா வாய் திறக்கவில்லை. சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். மத்தியானம் தாத்தா கூட்டிப் போக வந்தார். படலையைத் தாண்டும்போது அவள் திரும்பி நின்று, வலக்கையை உயர்த்தி, தெளிவான குரலில் சொன்னாள்: "மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவுக்கு அவளுடைய வாய் அசைந்தது தெரிந்தது. "ரீச்சர் பிள்ளை, பாத்தியளோ? இங்கிலீசும் கதைப்பா" என்றார் பெருமையோடு.

ரீச்சர் குனிந்து அவளுடைய உயரத்துக்கு வந்தார். "ஓம், அபிசா வீட்டை போட்டு வாறா. நாளைக்கும் வருவா."

அபிசா அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சுவர் பேசினால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

அன்று பின்னேரம் வேலியடியில் ரீச்சர் சொன்னார்: "அவவிட்டைச் சொல்லு இருக்கு அண்ணை, நிறைய இருக்கு. ஆனா அந்தப் போன் ஒருநாளும் அவவுக்குத் திருப்பிச் சொன்னதில்லை. சொல்லு எண்டது கேட்டுக்கொண்டிருக்கிற சாமான் எண்டு நினைச்சிருக்கிறா. ஆருக்கும் குடுக்கிறது எண்டு தெரியாது."

அதன் பிறகு அபிசாவுக்கு முந்தானையில், ரீச்சரின் கைக்குப் பக்கத்தில் இடம். ஆடி போனது, ஆவணி போனது. நெல் வெட்டியாயிற்று. மற்றப் பிள்ளைகள் செவலை மாட்டைக் கடந்து, "செவலை மாட்டை உண்ணிக்கொக்கு கொத்துது" வரைக்கும் வந்துவிட்டார்கள். அபிசாவிடமிருந்து ஒன்றும் இல்லை. போகும்போது கையை உயர்த்தி அந்த ஒரு வாக்கியம். ரீச்சரிடமிருந்து அதே மறுமொழி: "ஓம், அபிசா வீட்டை போட்டு வாறா."

ஐப்பசியில் காலபோகத்துக்கு வயல்களை உழுதார்கள். சேற்றுக்குள் கொக்குகள் இறங்கின. நான் வாய்க்கால் கட்டிலே நின்றேன். சேலை மதகுக்குக் கிட்ட வந்திருந்தது. அபிசா கரையை விட்டுவிட்டு நின்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "கொக்கு" என்றாள்.

அத்தனை பிள்ளைகளும் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்கும் விளங்கியது.

"ஓம்" என்றார் ரீச்சர். கொக்குக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்த குரல். "வெள்ளைக் கொக்கு."

அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் ரீச்சரின் வாயையே பார்த்தாள். மத்தியானம் தாத்தாவிடம் ரீச்சர் ஓடிப் போனார்.

"ஐயா, அபிசா இண்டைக்குக் கதைச்சவ!"

"ஆ?"

"கொக்கு எண்டவ! கொக்கு!"

"கொக்கோ? எங்கை பிள்ளை?" என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  பிள்ளைக்குச் சொல் வந்திருந்தது. அதை வாங்க வீட்டில் காது இல்லை. இருக்கிற ஒரே காது தையல் இயந்திரங்களுக்கு நடுவில் இருந்தது.

மார்கழி மழை விட்டதும் சுகந்தி ஒரு வேலை நாளில் முன்பள்ளிக்கு வந்தாள். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக எல்லாம் சரி, பொங்கல் முடியப் பயணம் என்றாள். வீட்டுத்திட்டத்தில் தொடங்கிய வீடு சுவரோடு நின்றது. கூரை போட வேறு வழி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வருசம் பொறுக்கேலாதோ சுகந்தி? இப்பதான் வாய் திறக்கிறா. அவ சொல்லுறதைக் கேக்க நீங்கள் இருக்கோணும்."

"விடிய முன்னம் போறன் ரீச்சர், இருண்டாப் பிறகு வாறன். நான் வரேக்கை அவ நித்திரை. இப்ப மட்டும் நான் இருக்கிறனோ?"

"ஓம்... ஞாயிற்றுக்கிழமையிலை இருக்கிறியள்."

சுகந்தி மண்டபத்துக்குள் மகளைப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் அவ கதைக்கிறதைக் கேக்கோணும்தான். போக முன்னம் ஒருக்கா எண்டாலும் 'அம்மா' எண்டு என்னைப் பாத்துச் சொல்லுவா எண்டு பாத்தன். நீங்கள் சொல்லைக் குடுங்கோ ரீச்சர். நான் சோத்தைப் பாக்கிறன்" என்றாள்.

"ஓம், சோறும் வேணும்" என்றார் ரீச்சர். அந்தச் சேர்த்தலில் அவருடைய வழக்கமான தெம்பு இல்லை.

தை மாதத்தில் சுகந்தி போனாள். பொங்கலன்றைக்கும் அபிசா அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

ரீச்சர் அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தார். அவருடைய நியாயத்தில் அது சரியான காரியம். தாத்தாவிடம் போய், இனி வீட்டில் போன் கூடாது, பிள்ளையின் கண்ணில் படாமல் வையுங்கள் என்று காதுக்குக் கிட்டக் கத்திச் சொன்னார். போன் ஓய்ந்தால் பிள்ளைக்குச் சொல்லில் பசி வரும் என்பது அவருடைய எண்ணம். தாத்தா சொன்ன சொல் தட்டாதவர். காலபோக நெல் அறுத்து மூட்டையாய் வீட்டுக்குள் அடுக்கியிருந்த காலம். போனை ஒரு துணியில் சுற்றி, விதைநெல் மூட்டையின் வாயைப் பிரித்து, கை முழங்கை வரை போக உள்ளே புதைத்துவிட்டு, வாயைத் தைத்துவிட்டார். பிள்ளைக்கும் எட்டாது, எலிக்கும் எட்டாது.

குவைத்தில் சுகந்தி வேலை செய்த வீட்டில் அவளிடம் அவளுடைய போனைக் கொடுப்பது வெள்ளிக்கிழமை மட்டும். வீட்டுக்காரர்கள் தொழுகைக்குப் போகும் நேரம். எங்களுக்கு அது மத்தியானம் கழிந்த பின். முதல் வெள்ளி அவள் அழைத்தாள். நெல்லுக்குள் போன் அடித்தது. அடுத்த அறையில் இருந்தவருக்குக் காது கேளாது. பிள்ளை கேட்டாளோ என்னவோ. இரண்டாவது வெள்ளியும் அழைத்தாள். அதற்குள் போன் செத்துவிட்டது.

அன்றைக்கே மதகடிக் கடைக்காரர் சைக்கிளை மண்டபத்து வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். பிள்ளைகள் போன பிறகு ரீச்சர் தரை கூட்டிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், சுகந்தி கடைப் போனுக்கு எடுத்துக் குழறுது! பிள்ளைக்கு என்ன நடந்தது, அப்பாவுக்கு என்ன நடந்தது, யானை அடிச்சுப்போட்டுதோ, ஏன் ஒளிக்கிறியள் எண்டு. நான் ஒண்டும் இல்லை எண்டாலும் நம்புதில்லை!"

ரீச்சர் விளக்குமாறோடு அப்படியே ஓடினார். நானும் பின்னால் போனேன். மூட்டையைப் பிரித்து நெல்லை முற்றத்துப் பாயில் கொட்டினோம். துணிச் சுருள் விழுந்தது. தாத்தா ஒன்றும் விளங்காமல், "பழுதாகேல்லைத்தானே பிள்ளை? பத்திரமாத்தான் வைச்சனான்" என்றார். "ஓம் ஐயா, நல்லாப் பத்திரமா வைச்சியள்" என்றார் ரீச்சர். அபிசா கொட்டிய நெல்லுக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரீச்சர் வாய்க்கால் கட்டிலே நின்று என்னிடம் சொன்னார்: "பிள்ளைக்குச் சொல்லிலை பசி வரட்டும் எண்டு பூட்டினன் அண்ணை. தாயையும் சேர்த்துப் பூட்டிப்போட்டன்."

பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ரீச்சர் நேரே தன் வீட்டுக்குப் போகவில்லை. தாத்தாவிடமிருந்து அபிசாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் காணியின் கிழக்கு மூலைக்கு வருவார். அங்கே வாய்க்கால் கட்டில் ஏறினால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அதுவும் எப்போதும் இல்லை. நான் ஒரு கதிரை கொண்டுபோய்ப் போட்டேன். ரீச்சர் அதில் இருக்கமாட்டார். அபிசாவை ஏற்றிவிட்டு, தன் போனை அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கருவியை அவ்வளவு வெறுத்த மனிதர்.

முதல் முறை சுகந்தியின் முகம் வந்ததும் அவள் கேட்கத் தொடங்கினாள். "அபிக்குட்டி, சாப்பிட்டியா? என்ன கறி? தாத்தா அடிக்கிறவரோ? அம்மாவைத் தெரியுதோ? ஆர் இது? சொல்லன் மோனை, ஆர் இது?"

அபிசா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனுக்குள் இருக்கும் முகங்களை அவளுக்குத் தெரியும். அவை கேட்கும், சிரிக்கும், கை தட்டும், பதிலுக்குக் காத்திருக்காது. அவள் கையை உயர்த்தினாள்.

"மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க."

சுகந்தி சிரித்தாள். பிறகு சிரித்த முகத்தோடேயே அழத் தொடங்கினாள். ரீச்சர் போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"சுகந்தி, கேள்வி கேளாதேங்கோ. கேள்விக்குப் பதில் சொல்ல அவவுக்கு இன்னும் காலம் இருக்கு. பொறுத்து இருங்கோ. அவ ஏதும் ஒண்டைச் சொல்லுவா. நீங்கள் அதோடை ஒரு சொல்லுக் கூட்டுங்கோ. அவ்வளவும் போதும்."

"அங்கை என்ன நிக்குது எண்டு எனக்குத் தெரியேல்லையே ரீச்சர், நான் என்னத்தைக் கூட்டுறது?"

அதன் பிறகு ரீச்சர் போனைத் திருப்பி வயலைக் காட்டத் தொடங்கினார். வெறும் வயல், அடிக்கட்டை, ஒரு எருமை. குவைத்தில் ஒரு குசினி அடுப்படியில் நின்று சுகந்தி அதைப் பார்ப்பாள். ஒருமுறை சொன்னாள்: "இஞ்சை நானும் அபிசா மாதிரித்தான் ரீச்சர். இந்த வீட்டுப் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. கையைக் காட்டுவினம், நான் செய்வன். வாய் திறக்கிறது வெள்ளிக்கிழமை மட்டும்."

"ஓம் சுகந்தி" என்றார் ரீச்சர். பிறகு, "வெள்ளிக்கிழமை எங்களோடை" என்று சேர்த்தார்.

வெள்ளிகள் போயின. சில வெள்ளி அவளுக்குப் போன் கொடுக்கவில்லை. சில வெள்ளி எங்களுக்குச் சிக்னல் இல்லை. ரீச்சரின் போனில் டேட்டா முடிந்த வெள்ளியும் உண்டு. எல்லாம் சரியாக அமைந்த நாளில் அபிசா பேசவில்லை. சுகந்தி சொன்னபடி பொறுத்திருப்பாள். வயலைப் பார்த்துக்கொண்டே இருவரும் வாய் மூடி இருப்பார்கள். அந்த நேரம் கழிந்து, "வீட்டுக்கார மடம் வாறா ரீச்சர்" என்று சுகந்தி வைத்துவிடுவாள். சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அபிசா இப்போது "வெள்ளைக் கொக்கு" சொல்வாள், "சாரைப் பாம்பு" சொல்வாள், ரீச்சருக்குச் சொல்வாள், ஒரு நாள் எனக்கும் சொன்னாள். தாய்க்கு மட்டும் சொல்லவில்லை. அது பிள்ளையின் பிழை அல்ல. போனுக்குச் சொல்லிப் பயன் இல்லை என்று அவள் நாலு வருடமாகப் படித்திருந்தாள்.

"நான் என்ன செய்யிறது அண்ணை?" என்று ரீச்சர் கேட்டார். நான் கதிரையை நிழலுக்குத் தள்ளிப் போட்டேன்.

சித்திரை வருடம் பிறந்து, சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட கிழமை. வெள்ளிக்கிழமை. வாய்க்கால் காய்ந்து கிடந்து முதல் தண்ணீர் வரும்போது நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும். பின்னால் மீன்குஞ்சுக்காகக் கொக்குகள் வரும். அபிசா கதிரையில் நின்றாள். சுகந்தியின் முகம் தெளிவாக வந்திருந்தது. தலையில் ஒரு துணி கட்டியிருந்தாள், பின்னால் வெள்ளை ஓடு பதித்த சுவர். ரீச்சர் போனைத் தண்ணீரின் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு மறுபடி பிள்ளையின் பக்கம் பிடித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"கொக்கு" என்றாள் அபிசா.

ரீச்சர் போனை அசையாமல் பிடித்தார். அவர் சொல்லவில்லை. காத்திருந்தார். குவைத்திலிருந்து வருகிற குரல் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்தக் கொஞ்சம் எனக்குப் பெரிய நேரமாக இருந்தது.

"ஓம் மோனை" என்றாள் சுகந்தி. "வெள்ளைக் கொக்கு."

அபிசா திடுக்கிட்டாள். போனைப் பார்த்தாள். கழுத்தை நீட்டி, போனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். ரீச்சரின் கை மட்டும் இருந்தது. மறுபடி முன்னால் வந்து தாயின் வாயைப் பார்த்தாள். அன்று ஐப்பசியில் ரீச்சரின் வாயைப் பார்த்த அதே பார்வை. அந்த நேரம் வாய்க்காலில் நின்ற கொக்குகள் சடாரென்று எழுந்தன. அபிசா இரண்டு கையையும் தூக்கினாள்.

"அம்மா, வெள்ளைக் கொக்கு பறக்குது!"

அவள் அதுவரை சொன்ன எல்லாவற்றிலும் நீளமானது அதுதான். நான் மகிழ்ச்சியில் ரீச்சரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தியின் முகம் அசையவில்லை. "வெள்ளைக் கொக்கு" என்று சொல்லி முடித்த வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றிருந்தது. அதற்கு மேலே சின்னதாய் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அபிசா காத்திருந்தாள். சொல்லுக்கு மறுசொல் வரும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ரீச்சர் வாயைத் திறந்தார். "ஓம்" என்ற சொல் அவருடைய உதட்டில் வந்து நின்றதை நான் கண்டேன். ஓணானுக்கும் சாணிக்கும் செத்தவீட்டுக்கும் மீன்காரருக்கும் விடாத வாய். பிறகு மூடிக்கொண்டார். அது அவருக்கு வந்த சொல் இல்லை.

போனைத் தலைக்கு மேலே தூக்கி, கட்டிலே கிழக்குப் பக்கமாக நாலு அடி நடந்தார். தண்ணீருக்குக் கிட்டப் போனார். மேட்டில் ஏறினார்.  கீழே கதிரையில் நின்று அபிசா, அந்தக் கையின் உச்சியில் இருந்த சின்ன முகத்துக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் பலமாகச் சொன்னாள்.

"அம்மா, வெள்ளைக் கொக்கு பறக்குது!"